முதல் மேசையில் உட்காரட்டும் பிள்ளைகள்

"எதுக்குங்க பெரிய ஆளோட போட்டுவிடறாங்க? தோக்கறதுக்குனே ஒரு ஆட்டமா? ரேட்டிங்கும் இறங்கிரும், பையன் மனசும் விட்டுப்போயிரும்." சேலத்திலோ நாமக்கல்லிலோ ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில், அல்லது நெடுஞ்சாலையோரப் பொறியியல் கல்லூரி அரங்கில் சதுரங்கப் போட்டி நடந்தால், வெளியே காத்திருக்கும் பெற்றோரிடம் இந்தப் பேச்சைக் கேட்கலாம். முதல் சுற்றின் பேரிங் கைப்பேசியில் வந்ததும் முகம் சுருங்குகிறது. எதிரே இருப்பவர் பெயருக்கு முன்னால் பட்டம் இருந்தால், ஆட்டம் தொடங்கும் முன்பே அந்தப் புள்ளியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்கள்.

பெற்றோர் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. பயிற்சியாளர்கள், போட்டி நடத்துபவர்கள், பல ஆண்டுகளாக ஆடி வருபவர்கள் பலரும் இதே கருத்தில்தான் இருக்கிறார்கள். அதன் நியாயத்தை முதலில் முழுதாகச் சொல்லிவிட வேண்டும். 1500 ரேட்டிங் உள்ள பத்து வயதுப் பிள்ளையும் 2300 உள்ள இன்டர்நேஷனல் மாஸ்டரும் ஆடினால் முடிவு பெரும்பாலும் முன்பே தெரிந்ததுதான். இருபது நகர்த்தலுக்குள் ஒரு காயைப் பறிகொடுத்து, மீதி ஒரு மணி நேரம் நெருக்கடியில் தவித்து எழுந்துவரும் பிள்ளை அதிலிருந்து என்ன கற்றது என்று கேட்டால் பதில் எளிதல்ல. நுழைவுக் கட்டணம், பேருந்துச் செலவு, ஒரு விடுமுறை நாள் எல்லாம் அதில் போகின்றன. வலுத்தவருக்கும் அந்த ஆட்டத்தால் வளர்ச்சி இல்லை. ஆகவே 'பிலோ 1600', 'பிலோ 1800' என்று வரம்பு கட்டி, சமமானவர்களைச் சமமானவர்களோடு மட்டும் மோதவிடுவோம். ஆட்டங்கள் கடைசிவரை விறுவிறுப்பாக இருக்கும். பிள்ளைகள் கோப்பையோடு வீடு திரும்புவார்கள், விளையாட்டை விடமாட்டார்கள். இதுதான் வாதம். பிள்ளைகள்மீது உள்ள அக்கறையில் பிறந்த வாதம் என்பதில் ஐயமில்லை.

ஆனாலும் அது தவறு. கணக்கிலும் தவறு, விளையாட்டைப் புரிந்துகொள்வதிலும் தவறு. அதைவிட, சென்னைக்கு வெளியே இருக்கும் ஊர்களுக்கு அது இழைக்கும் கேடு பெரிது.

1. ரேட்டிங் இறங்கிவிடும் என்பவர்கள் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார்களா?

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே, ஆர்பட் எலோ வகுத்த முறையை 1970இல் ஏற்றது. அதன் அடிப்படை எளிது. இரண்டு பேருக்கும் இடையிலான ரேட்டிங் வித்தியாசத்தை வைத்து, ஒவ்வொருவரும் எவ்வளவு புள்ளி எடுப்பார் என்று அட்டவணை ஓர் எதிர்பார்ப்பைச் சொல்கிறது. எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக எடுத்தால் ரேட்டிங் ஏறும், குறைந்தால் இறங்கும். வித்தியாசம் 400 என்றால் வலுத்தவரிடம் எதிர்பார்ப்பது 0.92, எளியவரிடம் 0.08. வித்தியாசம் அதைத் தாண்டிப் போனாலும் 400 என்றே வைத்துக் கணக்கிடுவது நெடுநாள் விதி.

18 வயதுக்குட்பட்ட, 2300ஐத் தொடாத பிள்ளைகளுக்குக் கிளாசிக்கல் ஆட்டத்தில் கே எனப்படும் பெருக்கு எண் 40. இப்போது 1600 ரேட்டிங் உள்ள ஒரு பிள்ளையை 2000 உள்ளவரோடு உட்கார வையுங்கள். தோற்றால் இழப்பது 40ஐ 0.08ஆல் பெருக்கி வரும் 3.2 புள்ளி. டிரா செய்தால் கிடைப்பது 16.8. வென்றால் 36.8. எதிரே இருப்பவர் 2000 அல்ல, 2400 என்றாலும் தோல்வியின் விலை அதே 3.2தான், அதற்குமேல் ஒரு துளியும் போகாது.

அதே பிள்ளை தனக்குச் சமமான இன்னொரு 1600இடம் தோற்றால் 20 புள்ளி போகும். தன்னைவிட 200 குறைந்த 1400இடம் தோற்றால் 30.4 போகும். 'பாதுகாப்பான' ஆட்டத்தில் தோற்பது, 'ஆபத்தான' ஆட்டத்தில் தோற்பதைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேல் விலை பிடிக்கிறது. ரேட்டிங்கைக் காப்பாற்றத்தான் வலுத்தவரைத் தவிர்க்கிறோம் என்பவர்கள், இழப்பதற்குக் கிட்டத்தட்ட எதுவும் இல்லாத ஆட்டத்தைத் தவிர்த்துவிட்டு, இழப்பதற்கு நிறைய இருக்கும் ஆட்டத்துக்குப் பிள்ளையை அனுப்புகிறார்கள். அந்த மேசையில் அஞ்ச வேண்டியவர் எதிரே இருக்கும் 2000தான். அவருடைய கே 20 என்று வைத்தால் வெற்றிக்கு அவருக்குக் கிடைப்பது 1.6. டிரா ஆனால் 8.4 போய்விடும். தோற்றால் 18.4.

இந்த அச்சத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டு விடுதிப் பள்ளிகள் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காகத் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகளை ஈர்த்தவை. மாநில ரேங்க் அறிவிப்பை அரசு 2017இல் நிறுத்திய பிறகும் அந்த மனநிலை இங்கே தளரவில்லை. அந்தக் கண்ணோடு பார்ப்பவர்களுக்கு ரேட்டிங்கும் ஒரு மதிப்பெண்ணாகவே தெரிகிறது. எடுத்ததைச் சிதறாமல் பூட்டி வைக்கத் தோன்றுகிறது. ரேட்டிங் அப்படிப்பட்ட சேமிப்பு அல்ல. அடுத்த ஆட்டத்தைப் பற்றிய ஓர் ஊகம், அவ்வளவே. ஆடாமல் வைத்திருந்தால் அது நாளுக்கு நாள் பொய்யாகிக்கொண்டே போகும்.

2. அந்த எண் எந்தத் தேதியின் எண்?

பலமற்றவர் என்று ஒரு பிள்ளையைத் தீர்மானிக்கும்போது நாம் பார்ப்பது கடந்துபோன ஆட்டங்களின் விளைவை. பெரியவர்களுக்கு அது ஓரளவு சரியாக இருக்கும். ஆறு மாதத்தில் தலைகீழாக மாறிவிடும் பிள்ளைகளுக்கு அது பழைய செய்தி. அதுவும் மாதக்கணக்கில் ரேட்டிங் போட்டிக்கே போகாமல் வீட்டிலும் இணையத்திலும் ஆடிவிட்டு வரும் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம்.

கீழ்மட்டத்து எண்கள் உண்மை பலத்தைவிடக் குறைந்து கிடந்ததை ஃபிடேயே ஒத்துக்கொண்டிருக்கிறது. 2024 மார்ச் 1 முதல், 2000க்குக் கீழே இருந்த எல்லோருக்கும் 2000லிருந்து எவ்வளவு குறைவோ அதில் 40 விழுக்காட்டைக் கூட்டிக் கொடுத்தார்கள். 1200 ரேட்டிங் ஒரே நாளில் 1520 ஆனது. பட்டியலின் அடிமட்டம் 1000லிருந்து 1400க்கு உயர்ந்தது. பிப்ரவரி 29ஆம் தேதி 1200க்கும் 2000க்கும் இருந்த 800 புள்ளி இடைவெளி மறுநாள் 480 ஆகிவிட்டது. எந்தப் பிள்ளையும் அந்த ஓரிரவில் புதிதாக எதையும் படித்துவிடவில்லை. முந்தைய நாள் வரை 'இவனுக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது' என்று சொல்லி ஒதுக்கியவர்கள் எதை நம்பி ஒதுக்கினார்கள்?

திருச்சியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்து லண்டன் ஹாரோவில் வளரும் போதனா சிவானந்தன், கொரோனா ஊரடங்கின்போது ஐந்து வயதில் காய்களைத் தொட்டவர். 2025 ஆகஸ்டில் லிவர்பூலில் நடந்த பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்றில் அவர் எதிரே உட்கார்ந்தவர் 60 வயது கிராண்ட்மாஸ்டர் பீட்டர் வெல்ஸ். போதனாவுக்கு அன்று வயது 10 ஆண்டு 5 மாதம் 3 நாள். ஆட்டத்தை வென்று, கிராண்ட்மாஸ்டரைத் தோற்கடித்த மிக இளைய பெண் என்ற சாதனையைப் படைத்தார். வயதுப் பிரிவிலும் ரேட்டிங் வரம்பிலும் அவரைப் 'பாதுகாத்து' வைத்திருந்தால் அந்த மேசைக்கே போயிருக்க முடியாது.

3. சமமான எதிரியிடம் தவறு ஒளிந்துகொள்கிறது.

எதிரணி அடித்துச் சொல்வது ஒன்று உண்டு. சமமானவர்களோடு ஆடினால்தான் கற்க முடியும் என்ற நம்பிக்கை, கேட்க இதமாக இருக்கிறது. பலகையில் வைத்துப் பார்த்தால் நிற்பதில்லை.

ஓர் எளிய முடிவாட்டத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளை ராஜா ஈ5இல், அதன் சிப்பாய் ஈ4இல். கறுப்பு ராஜா ஈ7இல். வேறு காய் எதுவும் இல்லை. நகர்த்த வேண்டியது கறுப்பு என்றால் வெள்ளைக்கு வெற்றி: கறுப்பு ராஜா டி7க்கு விலகினால் வெள்ளை ராஜா எஃப்6க்கு ஏறிச் சிப்பாய்க்கு வழி விடும். நகர்த்த வேண்டியது வெள்ளை என்றால் டிரா. வெள்ளை ராஜா டி5க்கு விலகியதும் கறுப்பு ராஜா நேரெதிரே டி7இல் வந்து நிற்க வேண்டும். இரண்டு ராஜாக்களும் ஒரு கட்டம் இடைவெளி விட்டு நேருக்கு நேர் நிற்கும் இந்த அபோசிஷன், எந்தப் பயிற்சி வகுப்பிலும் தொடக்கத்திலேயே சொல்லித் தரப்படும் பாடம்.

1400 ரேட்டிங் உள்ள இரண்டு பிள்ளைகள் இந்த நிலைக்கு வருகிறார்கள், நகர்த்த வேண்டியது வெள்ளை என்று வைப்போம். வெள்ளை டி5க்குப் போகிறது. கடிகாரத்தில் ஒரு நிமிடம்தான் மிச்சம். கறுப்பு பயந்து டி8க்குப் பின்வாங்குகிறது. அது தோற்கும் நகர்த்தல். வெள்ளை ராஜா இப்போது டி6க்கு ஏறினால் ஆட்டம் முடிந்தது. ஆனால் வெள்ளை அவசரப்பட்டுச் சிப்பாயை ஈ5க்குத் தள்ளுகிறது. அது வெற்றியைக் கைநழுவவிடும் நகர்த்தல். கறுப்பு ஈ7க்கு வந்துவிடுகிறது. டிரா. கைகுலுக்கல். இரண்டு பேருக்கும் அரைப் புள்ளி, இரண்டு பெற்றோருக்கும் நிம்மதி. அடுத்தடுத்த இரண்டு நகர்த்தல்களில் ஆட்டத்தின் முடிவையே மாற்றக்கூடிய இரண்டு பிழைகள் நடந்திருக்கின்றன; இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டதால் ஸ்கோர் ஷீட்டில் சரியான முடிவே பதிவாகியிருக்கிறது. வகுப்பில் படித்த பாடம் பலகையில் வரவில்லை என்று அந்த இருவரில் யாருக்கும் தெரியாது.

எதிரே 2200 உட்கார்ந்திருந்தால் டி8க்குப் பின்வாங்கிய மறுகணம் வெள்ளை ராஜா டி6இல் ஏறியிருக்கும். பிள்ளை தோற்றிருக்கும், எந்த நகர்த்தலில் தோற்றோம் என்பதும் அதற்குத் தெரிந்திருக்கும். ஒரு பிழைக்கு உரிய விலையை உடனே கேட்பவரிடம்தான் பிழை பிழையாகத் தெரியும். சமமானவர்களோடு பல போட்டிகள் ஆடியும் ஒரே இடத்தில் நிற்கும் பிள்ளைகளைப் பற்றிப் பயிற்சியாளர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் சோம்பேறிகள் அல்லர். அவர்களுடைய தவறுகளுக்கு யாரும் விலை கேட்கவில்லை.

4. முன்பே தெரிந்த முடிவு என்று எதைச் சொல்கிறார்கள்?

0.92 என்ற எண்ணை 'கட்டாயம் வெல்வார்' என்று படிக்கிறார்கள். 200 பேர் ஆடும் போட்டியின் முதல் சுற்றில் 100 மேசைகள். எல்லா மேசையிலும் 400 புள்ளி வித்தியாசம் என்றே வைத்தாலும், அட்டவணைப்படி எளியவர்கள் பக்கம் 8 புள்ளி சேர வேண்டும். நான்கு வெற்றி, எட்டு டிரா என்று அது வரலாம். எட்டு வெற்றியாகவும் வரலாம். அரங்கில் எங்கோ ஒரு மேசையில் அதிர்ச்சி நடந்தே தீரும் என்பது அந்தச் சூத்திரத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. எந்த மேசை என்பது ஆடிப் பார்த்தால்தான் தெரியும்.

2023 அக்டோபரில் கத்தார் மாஸ்டர்ஸ் போட்டியின் இரண்டாம் சுற்றில், 2839 ரேட்டிங் வைத்திருந்த மாக்னஸ் கார்ல்சன், 2512 வைத்திருந்த கஜகஸ்தானின் அலிஷர் சுலேமனோவிடம் தோற்றார். இடைவெளி 327. ஏழாம் சுற்றில் தஞ்சாவூரில் பிறந்த கார்த்திகேயன் முரளி, 2611 ரேட்டிங்கோடு, கறுப்புக் காய்களில் ஆடி அதே கார்ல்சனை வீழ்த்தினார். கிளாசிக்கல் ஆட்டத்தில் கார்ல்சனை வென்ற இந்தியர்கள் அதுவரை இருவரே: ஆனந்த், ஹரிகிருஷ்ணா. ஓப்பன் போட்டி என்பதால்தான் கார்த்திகேயனுக்கு அந்த மேசை கிடைத்தது. அழைப்பின்பேரில் பத்துப் பேர் மட்டும் ஆடும் மூடிய போட்டிகளில் அவர் பெயர் பட்டியலிலேயே இருந்திருக்காது.

மாமல்லபுரத்தில் 2022இல் நடந்த ஒலிம்பியாடை நேரில் பார்த்தவர்கள் இந்தப் பக்கத்து ஊர்களிலும் உண்டு. தரவரிசையில் முதலிடத்தில் வந்த அமெரிக்கா ஐந்தாமிடம் பிடித்தது. 14ஆவதாக வந்த உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது, 12ஆவதாக வந்த ஆர்மீனியா வெள்ளி, 11ஆவதாக வந்த இந்திய 'பி' அணி வெண்கலம். பதக்க மேடையில் நின்ற மூவரில் ஒருவர்கூட முதல் பத்துத் தரவரிசையில் இல்லை.

இன்னும் பின்னால் போகலாம். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன் 1962இல் ஸ்டாக்ஹோம் இன்டர்சோனலுக்குப் போனார். பாபி ஃபிஷர் 2½ புள்ளி முன்னிலையில் வென்ற போட்டி அது. ஆரோன் கடைசி இடம் பிடித்தார். ஆனால் அந்தக் கடைசி இடத்தோடு, ஹங்கேரியின் லாயோஷ் போர்டிஷ், ஜெர்மனியின் வுல்ஃப்காங் ஊல்மன் என்ற இரண்டு கிராண்ட்மாஸ்டர்களையும் தோற்கடித்துவிட்டு வந்தார். இன்றைய 'சமமானவர்களோடு மட்டும்' கொள்கைப்படி அவரை அங்கே அனுப்பியிருக்கவே கூடாது. அனுப்பியதால் மெட்ராஸுக்கு உலகத் தரம் என்றால் என்னவென்று தெரிந்த ஓர் ஆள் கிடைத்தார். 1972இல் சோவியத் பண்பாட்டு மையத்தில் தொடங்கிய தால் செஸ் கிளப்பை வளர்த்தவர் அவர். அந்தக் கிளப்பில் பிளிட்ஸ் ஆடிப் பெரியவர்களிடம் தோற்றும் வென்றும் வளர்ந்த சிறுவன் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனான்.

5. சுவர் எழுப்பினால் யார் எந்தப் பக்கம் நிற்பார்கள்?

ரேட்டிங் வரம்புப் போட்டிகளின் விளைவைப் பார்த்தாலே போதும். 1600க்குக் கீழே பெரும் பரிசுத் தொகை வைத்தால், 1600க்குக் கீழேயே இருப்பது லாபம் என்றாகிறது. 1590இல் நிற்கும் வளர்ந்த ஆட்டக்காரர் ஒருவர், அடுத்த பரிசுப் போட்டி வரும்வரை மேலே ஏறாமல் பார்த்துக்கொள்வதை இந்த வட்டாரத்தில் ஆடுபவர்கள் எல்லோரும் அறிவார்கள். வரம்பை நம்பி வந்த பத்து வயதுப் பிள்ளை அங்கே சந்திப்பது சமமானவரை அல்ல, தன் பலத்தை மறைத்து வைத்திருப்பவரை. சமத்துவத்துக்காகக் கட்டிய சுவருக்குள்ளேதான் மிக மோசமான ஏற்றத்தாழ்வு நடக்கிறது. தோல்விக்கு அந்தப் பிள்ளை 20 புள்ளியும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஊர் சார்ந்த விளைவு இன்னும் பெரிது. இந்தியக் கிராண்ட்மாஸ்டர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டவர். அவர்களில் பெரும்பாலோர் சென்னையை மையமாக வைத்து வளர்ந்தவர்கள். சென்னைப் பிள்ளைக்குத் தெருமுனை அகாடமியிலேயே பட்டம் பெற்ற ஒருவர் எதிரே உட்காருவார். ஆத்தூரிலோ பரமத்தி வேலூரிலோ இருக்கும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு, ஓப்பன் போட்டியின் முதல் சுற்றில் மட்டும்தான். அதையும் வரம்பு கட்டி எடுத்துவிட்டால், பலமானவரின் கை எப்படி நகரும் என்பதையே பார்க்காமல் அந்தப் பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்துவிடும். இங்கிருந்து மேலே போனவர்கள் இல்லாமல் இல்லை: சேலம் மாவட்டம் சங்ககிரியைச் சேர்ந்த பி.வி. நந்திதா வுமன் கிராண்ட்மாஸ்டர் ஆகி, மாமல்லபுரத்தில் இந்திய 'சி' அணிக்கு ஆடி, அதே 2022இல் டெல்லியில் ஆசியக் கான்டினென்டல் மகளிர் பட்டத்தையும் வென்றார். அந்த உயரம் ஊருக்குள் சமமானவர்களோடு மட்டும் ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு வாய்ப்பதல்ல.

இதே மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுக்கொண்டிருந்த நடராஜனிடம் யாரும் "உன் அளவு ஆட்களுக்கு மட்டும் பந்து போடு" என்று சொல்லவில்லை. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் அவர் டெஸ்ட் மட்டையாளர்களுக்கு எதிரே ஓடிவந்தபோது சேலமே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. கிரிக்கெட்டில் பெருமையாகப் பட்டது சதுரங்கத்தில் ஏன் கொடுமையாகப் படுகிறது?

6. எத்தனை ஆட்டம் இப்படி?

குறை சொல்பவர்கள் போட்டி முழுவதும் பிள்ளை அடிவாங்கிக்கொண்டே இருப்பதுபோல் பேசுகிறார்கள். சுவிஸ் முறை, 1895இல் சூரிக்கில் முதன்முதல் கையாளப்பட்ட நாளிலிருந்து, அப்படி இயங்குவதில்லை. முதல் சுற்றில் பட்டியலின் மேல்பாதி கீழ்பாதியோடு மோதும்: 200 பேரில் முதலாமவர் 101ஆவது ஆளோடு. அதற்கப்புறம் ஒரே புள்ளி எடுத்தவர்கள் தங்களுக்குள் ஆடுவார்கள். முதல் சுற்றில் தோற்ற பிள்ளை அடுத்து ஆடுவது தோற்ற இன்னொருவரோடு. மூன்றாம் நான்காம் சுற்றுக்குள் ஏறக்குறைய தன் பலத்துக்கு வந்து சேர்ந்துவிடும். ஒன்பது சுற்றில் ஒன்றிரண்டு ஆட்டம்தான் இடைவெளி பெரிது. சமமான ஆட்டம் வேண்டும் என்பவர்களுக்கு மீதி ஏழெட்டு ஆட்டங்களில் அது கிடைக்கிறது. அந்த ஒன்றிரண்டையும் பறித்துக்கொள்ளத்தான் இவ்வளவு வாதமும்.

ரேட்டிங்கே இல்லாத பிள்ளைக்கு இது விருப்பத் தேர்வுகூட இல்லை. முதல் ரேட்டிங் வாங்கவே, ரேட்டிங் உள்ள ஐந்து பேரோடு ஆடியிருக்க வேண்டும் என்கிறது விதி. தன்னைவிட முன்னே இருப்பவரோடு ஆடாமல் பட்டியலுக்குள் நுழைய வாசலே கிடையாது.

7. வலுத்தவருக்கு என்ன லாபம் என்கிறார்களே?

இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறுக்கத் தேவையில்லை. பலவீனமானவர்களைத் தேடித் தேடி ஆடிப் புள்ளி சேர்ப்பவர்கள் உண்டு. ஹிகாரு நகமுரா 2025 செப்டம்பரில், கேண்டிடேட்ஸ் போட்டிக்கு ரேட்டிங் வழியாகத் தகுதி பெறத் தேவையான 40 ஆட்டங்களை எட்ட, லூசியானா, அயோவா மாநிலப் போட்டிகளில் தன்னைவிடப் பல நூறு புள்ளி குறைந்தவர்களோடு ஆடியபோது உலகமே அதைப் பேசியது. ஆனால் அங்கே நோய் 400 புள்ளி விதியில் இருந்தது: எவ்வளவு பெரிய இடைவெளியையும் 400 என்று வைத்ததால் உச்சியில் இருப்பவருக்கு ஒவ்வொரு வெற்றிக்கும் 0.8 புள்ளி உறுதி. ஃபிடே மருந்தையும் விதிக்கே கொடுத்தது. 2025 அக்டோபர் 1 முதல் 2650உம் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கு உண்மையான இடைவெளியையே கணக்கில் எடுக்கிறார்கள். யாரும் யாரோடும் ஆடக் கூடாது என்று தடை போடவில்லை.

ரேட்டிங் இல்லாத காலத்தில் இந்த விளையாட்டு சமமற்றவர்களை ஒரே பலகையில் உட்கார வைக்க வேறு வழி கண்டிருந்தது. வலுத்தவர் ஒரு சிப்பாயையோ குதிரையையோ எடுத்து வைத்துவிட்டு ஆடுவார். ஐரோப்பாவை வென்று திரும்பிய பால் மார்ஃபி, ஒரு சிப்பாயையும் முதல் நகர்த்தலையும் விட்டுக்கொடுத்து யாரோடும் ஆடத் தயார் என்று அறிவித்தார். சமமற்ற ஆட்டம் சதுரங்கத்தில் பிற்காலத்தில் நேர்ந்த விபத்தல்ல. சதுரங்கம் கைமாறி வந்த வழியே அதுதான்.

8. கடைசியாக, பிள்ளையின் மனசு.

எதிர்வாதங்களில் மதிப்புக்குரியது இது ஒன்றுதான். தொடர்ந்து தோற்று அழும் பிள்ளையைப் பார்த்துவிட்டு அட்டவணையைக் காட்டுவது நியாயமாகாது. ஆனால் அந்தப் பிள்ளை எப்போது உடைகிறது என்பதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். பலமானவரிடம் 45 நகர்த்தல் தாக்குப்பிடித்துத் தோற்ற பிள்ளை, வெளியே வந்து அந்த ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும். வெல்ல வேண்டும் என்று எல்லோரும் சொல்லி அனுப்பிய சமமான ஆட்டத்தில் தோற்ற பிள்ளைதான் வாசலிலேயே அழும். அதைக் காயப்படுத்துவது எதிராளியின் பலம் அல்ல, வாசலில் நிற்பவர்களின் முகம்.

உண்மையான குறை வேறு, அதைச் சரிசெய்ய முடியும். இங்கே நடக்கும் போட்டிகளில் ஆட்டம் முடிந்ததும் பிள்ளை முடிவுச் சீட்டில் கையெழுத்திட்டுவிட்டு நேரே பெற்றோரிடம் ஓடுகிறது. பெற்றோர் "என்னாச்சு?" என்கிறார்கள், "தோத்துட்டேன்" என்று பதில் வருகிறது, டிபன் டப்பா திறக்கிறது. எதிரே ஆடியவர் அடுத்த சுற்றுவரை சும்மா உட்கார்ந்திருக்கிறார். எந்த இடத்தில் நிலை சரிந்தது, எந்த நகர்த்தல் அவரையே யோசிக்க வைத்தது என்று அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. பத்து நிமிடம் கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு காய்களை அடுக்கிக் காட்டுவார்கள். கேட்கும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை. வரம்புப் போட்டிக்குப் பந்தல் போடும் செலவில் ஒரு சிறு பங்கை, ஆட்ட அரங்குக்குப் பக்கத்தில் ஓர் அறை ஒதுக்கி ஆறு பலகை விரித்து வைப்பதற்குச் செலவிடலாம். அங்கே பட்டம் பெற்ற ஆட்டக்காரர்களுக்கு நுழைவுக் கட்டணத்தை விட்டுக்கொடுத்து, ஈடாகச் சுற்றுக்குப் பத்து நிமிடம் பிள்ளைகளோடு உட்காரச் சொல்லலாம். கட்டணம் இல்லாமல் கிராண்ட்மாஸ்டர்களை அழைப்பது ஓப்பன் போட்டிகளில் ஏற்கெனவே உள்ள வழக்கம்தான். பத்து நிமிடம் மட்டும்தான் புதிது.

அடுத்த நுழைவுப் படிவத்தில் 'ஓப்பன்', 'பிலோ 1600' என்று இரண்டு கட்டங்கள் இருந்தால், 1450 ரேட்டிங் உள்ள பிள்ளையின் பெற்றோர் ஓப்பனில் பெயர் கொடுக்கட்டும். காலை ஒன்பதரை மணிக்கு முதல் மேசையில் தோற்றால் போவது 3.2 புள்ளி; பதினோரு மணிக்கு அந்தப் பிள்ளையும் எதிராளியும் பக்கத்து அறையில் இருபத்து மூன்றாவது நகர்த்தலைத் திரும்ப வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.